இழுத்துக் கட்டிய கேபிள்

பலகையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தாழ்வாரம், வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய், தலைமையாசிரியை அறையின் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. கதவைத் தட்டிக் கேட்கும் வழக்கமெல்லாம் அதற்கு இல்லை. எதிர்ச்சுவரையும் உடைத்துக்கொண்டு கழிப்பறை வழியாக வெளியேறிய பிறகுதான் மாப்பிள்ளை ஓடிவந்து சிவப்பு பட்டனை அடித்தார். மரத்தூள் அடங்கியபோது இன்னொரு பலகை விறகாகிக் கிடந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றார் மாமனார்.

வந்து இறங்கியதிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கு நாடிக்காரர் என்று பெயர். நின்றுபோன லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "மேல்மாடி கதவு சுவிட்ச்" என்பார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அப்படி இல்லாத நாட்களைப் பற்றி அவரும் சொல்வதில்லை, கேட்கும் தைரியம் மற்றவர்களுக்கும் இல்லை. பெயர் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்துவிட்டவனுக்கு அதைக் காப்பாற்றுவது தனி உத்தியோகம்.

மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். சரியாக வரும்வரை வாயைத் திறக்காமல் தேய்த்துத் தேய்த்து, வீட்டிலும் பேச்சு குறைந்துபோனவர். விடுமுறை நாட்களில் பொழுதுபோக்காகப் பின்னறையில் ஒரு மிஷின் கட்டியிருந்தார். கட்டில் அளவுக்கு ஒரு மேசை, அதன் குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் தொங்கும் சுழல்கத்தி. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், பாலம் முன்னும் பின்னும் நகர, கத்தி இடமும் வலமும் நகர, படம் அப்படியே மரத்தில் இறங்கும். நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார்கள். இவை தலைதெறிக்க ஓடும் ரகம் இல்லை. ஒவ்வொரு அடியாக எண்ணி வைக்கிற ரகம். எந்த அடியை எப்போது வைக்க வேண்டும் என்று மோட்டாரை ஆட்டி வைப்பது டிரைவர் என்கிற உள்ளங்கை அகலப் பெட்டி. மோட்டாருக்கு ஒன்றாக அவை சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன.

கோளாறு அங்கேதான் தலைகாட்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, கத்தியை இடம் வலம் நகர்த்துகிற மோட்டாரின் டிரைவரில் சிவப்பு விளக்கு எரியும். அந்த மோட்டார் அப்படியே நின்றுவிடும். பாலத்தின் மோட்டாருக்கு விஷயம் தெரியாது. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சுவர் உடைவது அப்படித்தான். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விளக்கு அணைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மிஷின் சமர்த்தாக நிற்கும். சில நாள் முழுக்க ஓடும். சில நாள் ஆரம்பித்த சூட்டோடு படுத்துக்கொள்ளும். ஒரேயடியாகக் கெட்டதைச் சரிசெய்துவிடலாம். இப்படி வந்து வந்து போகிற கோளாறு இருக்கிறதே, அது நாம் பார்க்கிற நேரமாகப் பார்த்து நல்லபிள்ளை ஆகிவிடும்.

மகள் பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. பிள்ளைகள் உள்ளே போகும் முன், வாசலில் மாட்டிய, கட்டட வரைபடம் செதுக்கிய பலகையில் விரலை ஓடவிட்டு வகுப்பறை எங்கே, படிக்கட்டு எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவளுடைய ஆசை. செய்து தருவதாக மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். மூன்று நல்ல பலகைகள் வீணான பிறகு அவள்தான் அப்பாவுக்குப் போன் போட்டாள். "நீங்க வந்து ஒரு தடவை கை வச்சுப் பாருங்களேன்ப்பா." அவர் லீவு போட்டுக் கிளம்பிவிட்டார். வாசல்வரை வந்த மனைவி சொல்லி அனுப்பினாள், "கையை வைங்க. வாயை வைக்காதீங்க."

அவர் வாயைத்தான் முதலில் வைத்தார். கோளாறு டிரைவரில்தான் என்று வந்த சூட்டோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வந்த அன்று மாலை சாப்பாட்டில் சம்பந்தியும் இருந்தார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மகனோடு அதே வீட்டில் இருக்கிறார். "என்ன சம்பந்தி, டிரைவர்ல கோளாறாமே? எங்க டிப்போல இதுக்கு ஒரே வைத்தியம்தான், ஆளை வேற ரூட்ல போட்டுடுவோம்" என்று சிரித்தார். நாடிக்காரரும் சிரித்தார். நல்ல சபை கிடைத்த குஷி. மிஷினில் எதெது மட்டம், எதெது ஏமாந்து வாங்கியது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இதுல உருப்படியா இருக்கிறது ஒயரிங் மட்டும்தான். அது போன தடவை நான் வந்தப்ப பண்ணது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆசைக்கு மிஷின் கட்டலாம் மாப்பிள்ளை. கட்டும்போது கொஞ்சம் அறிவையும் சேர்த்துக் கட்டணும்."

சம்பந்தியின் சிரிப்பு பாதியில் நின்றது. பெற்ற மகனை அறிவில்லாதவன் என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் சம்பந்தியே ஆனாலும், எந்தத் தகப்பன் சிரிப்பான்? மகள் தட்டைப் பார்த்தாள். மாப்பிள்ளை மட்டும், "சரி மாமா, புது டிரைவர் வாங்கிடறேன்" என்றார். சொன்னபடி மறுநாளே வாங்கி மாட்டினார்.

அந்தப் புது டிரைவரில்தான் இப்போது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப பவர் சப்ளைதான்" என்றார் நாடிக்காரர், மூச்சு விடாமல். "அதுவும் மட்டமானதுதானே வாங்கியிருக்கீங்க."

"சரி மாமா. சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது பார்த்துட்டு வர்றேன்."

மாப்பிள்ளை கிளம்பிப் போனார். மகள் பள்ளிக்குப் போனாள். சம்பந்தி தன் அறையில் ரேடியோவோடு கண்ணயர்ந்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு நல்ல பலகை. தனியாக நின்றபோது நாடிக்காரருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதைத்தது. பழைய டிரைவருக்கும் புது டிரைவருக்கும் ஒரே மாதிரி கோளாறு வருமா? வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால், "முதல்ல பக்கத்து டிரைவரோட இடம் மாத்திப் பார்த்தியா?" என்று காதைத் திருகியிருப்பார். அவர் மாற்றிப் பார்க்கவே இல்லை. நாடி பார்த்தவருக்கு அதெல்லாம் எதற்கு?

இப்போது மாற்றினார். பாலத்தை ஓட்டுகிற டிரைவரைக் கத்தி மோட்டாருக்கும், கத்தியின் டிரைவரைப் பாலத்தின் மோட்டாருக்கும். வெறும் காற்றில் ஓடவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேநீர் ஆறும் அளவுக்கு நேரம் போனது. கத்தி வலது கோடிக்குப் போனபோது மோட்டார் நின்றது. இத்தனை நாள் பாலத்தை ஒரு குறையுமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த டிரைவரில் சிவப்பு விளக்கு. டிரைவர் நிரபராதி. பவர் சப்ளையும்தான், ஒரே சப்ளையிலிருந்துதான் இரண்டுக்கும் போகிறது. ஆக, கோளாறு மோட்டாரில் இருக்க வேண்டும், இல்லை அதற்குப் போகிற கேபிளில்.

கரண்டை அணைத்தார். மோட்டாருக்குப் போகும் கேபிளின் ஒரு ஜோடி ஒயரில் மீட்டரின் முனைகளை மாட்டினார். இணைப்பு இருக்கும்வரை மீட்டர் பீப் என்று விடாமல் கூவும். கூவியது. கத்தியைக் கையால் தள்ளினார். இடது கோடி, நடு, எங்கும் கூவல் நிற்கவில்லை. வலது கோடிக்குக் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் தள்ளினார். கூவல் நின்றது. விட்டார், கூவியது. தள்ளினார், நின்றது.

ஒவ்வோர் அங்குலமாக விரலால் கேபிளைத் தடவிக்கொண்டே போனார். பாலத்தின் முனையில், சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டை அருகில் விரல் நின்றது. தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அப்படி இல்லை. அமுக்கினால் பழுத்துப்போன பழம் மாதிரி கொழகொழத்தது. கத்தி வலது கோடிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டு கேபிளை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு இழையாக அறுந்து, கடைசி இழைகள் ஒட்டியும் விலகியும் ஆடிக்கொண்டிருந்திருக்கின்றன. விலகுகிற நேரத்தில் டிரைவர் பயந்துபோய் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையை நிறுத்தியிருக்கிறது. அது செய்தது நியாயம்.

அந்த டையை அவருக்கு நன்றாகத் தெரியும். இரட்டை டை, முடிச்சு உள்பக்கம், வாலைச் சரிவாக நறுக்கிய நறுக்கு. இந்த வீட்டில் அப்படிக் கட்டுகிறவர் ஒருவர்தான்.

நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் அவர் தரையில் உட்கார்ந்தார். லிஃப்ட் கூண்டுக்குக் கீழே கூடவே போய்வரும் கேபிள் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தரும் பாடமே, அதை எங்கேயும் இழுத்துக் கட்டாதே, தாராளமாகத் தொங்கவிடு என்பதுதான். அதைச் சொல்லாமல் அவர் ஒரு புது ஆளையும் வேலைக்கு அனுப்பியதில்லை. போன தடவை இங்கேயும் முதலில் தொங்கத்தான் விட்டார். சம்பந்தி கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் அழகா இருக்கு சம்பந்தி. அது ஒண்ணு மட்டும் தொங்குதே?" என்றார், சும்மா கேட்கிற மாதிரி. அவ்வளவுதான். பாராட்டில் ஒரு குறை வைக்க மனம் வராமல், இழுத்துச் சட்டத்தோடு சேர்த்து இரண்டு டை போட்டார். கேபிள் கோடு கிழித்த மாதிரி நின்றது. போட்டோ எடுத்தார். கம்பெனியில் எல்லாருக்கும் காட்டி, "ஒயரிங்னா இப்படி இருக்கணும்" என்றார்.

ஊருக்கு உபதேசம். நினைக்க நினைக்க முகம் சுட்டது. யாருமில்லாத அறையில் ஒரு மனிதன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? சுவரில் மாட்டியிருந்த டிரைவர்கள்கூடத் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அறிவையும் சேர்த்துக் கட்டணும் என்று சொன்ன நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஆனால் மனிதப் புத்தி லேசுப்பட்டதா? வெட்கம் வந்த கொஞ்ச நேரத்துக்குள் அதன் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. டையை வெட்டி வெளியே எறிந்துவிடலாம். புதுக் கேபிள் போட்டுவிடலாம். அறுந்ததைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம். "பவர் சப்ளைல ஒரு ஸ்க்ரூ லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்" என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கோளாறு தீர்ந்துவிடும், பெயரும் நிலைக்கும். அவர் எழுந்து கேபிள் தேடினார். மேசைக்குக் கீழே மூன்று இழுப்பறைகள். முதலில் திருகாணிகள், அடுத்ததில் உளிகள். மூன்றாவதை இழுத்தார்.

உள்ளே, கண்ணாடிக் கடைத் துணி ஒன்றில் பொதிந்து, ஒரு புதுக் கேபிள் இருந்தது. தேவையான அளவு வெட்டி, இரண்டு முனையிலும் பிளக் அழுத்தி, மாட்ட வேண்டியதுதான் பாக்கி. எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். பழையதைவிட ஒரு முழம் கூடுதல். தாராளமாகத் தொங்குவதற்கான ஒரு முழம்.

தன் தப்பை மறைக்கப் போன இடத்தில், அதை அவருக்கு முன்பே இன்னொருவர் மறைத்து வைத்திருந்தார்.

மகள் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் அந்தக் கேபிளை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் முதலில் கேபிளைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"எப்ப கண்டுபிடிச்சார்?" என்றார்.

"விடுங்கப்பா."

"எப்பம்மா?"

"இந்தத் தடவை நீங்க இங்க வர ரயில் ஏறினதுக்கு அப்புறம். நான் உங்களுக்குப் போன் பண்ணதே அவருக்குத் தெரியாது. நீங்க வர்றீங்கன்னதும் எடுத்து உள்ள வச்சிட்டார். நீங்க ஊருக்குப் போனதும் மாத்திக்கலாம்னு."

"பின்ன எதுக்குப் புது டிரைவர் வாங்கினார்? எதுக்கு இன்னொரு பலகையைப் பாழாக்கினார்?"

"நீங்க சொன்னீங்களேப்பா."

அவர் கேபிளின் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை."

மகளுக்குக் கோபம் வந்தது. எத்தனை நாள் அடக்கியதோ. "நீங்க கட்டின அன்னிக்கே அவருக்குத் தெரியும்ப்பா. ஓரத்துக்குப் போனா இழுக்குமேன்னு சொல்ல வாயெடுத்தாராம். நீங்க போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தீங்களாம்." அவள் குரல் இறங்கியது. "சொன்னா கேட்டிருப்பீங்களா? அம்மா சொன்னா கேட்பீங்களா? நான் சொன்னா? உங்ககிட்ட யாருப்பா வேண்டாம்னு சொல்லியிருக்கோம்?"

ஊர்க்கோளாறையெல்லாம் உள்ளங்கை வைத்துக் கண்டுபிடிக்கிறவர், பெற்ற மகள் வாயை மூடிக்கொண்டு வளர்ந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் தன்னை மதித்து அடங்கியிருக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். வயசான, எதையும் தாங்கமாட்டாத வாடிக்கையாளர்களிடம் அவரே அப்படித்தான் தலையாட்டிவிட்டு வருவார்: "நீங்க சொல்றது சரிதாங்க." மாப்பிள்ளையின் ஒவ்வொரு 'சரி மாமா'வும் இப்போது அந்தக் குரலில் திரும்பக் கேட்டது. அவமானமாக இருந்தது.

மாலை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாப்பிள்ளைக்கு விஷயம் போய்விட்டிருந்தது. அவர் மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி தன் அப்பாவிடம் சொன்னார்: "மாமா கண்டுபிடிச்சிட்டார்ப்பா. டிரைவர் இல்லையாம். கேபிள்ல உள்ளுக்குள்ள ஒயர் அறுந்திருக்கு. நான் வாங்கினது மட்டமான கேபிள்."

"அப்படிச் சொல்லு!" என்றார் சம்பந்தி. வந்த அன்றைய வருத்தத்தை அவர் அந்த இடத்திலேயே விட்டுவிட்டார், நல்ல மனுஷன். "நாடிக்காரர்னா சும்மாவா? அவர் அன்னிக்குச் சொன்னது சரிதான். இனிமே எதை வாங்கினாலும் மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கு."

"சரிப்பா."

நாடிக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பேசாமல் சாப்பிட்டால் போதும். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டும்விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். விழுங்கும்போது எதிரே மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. இவர் இப்படித்தான் செய்வார் என்று தெரிந்து வைத்திருக்கிற பார்வை. அடுத்த வாய்க்குப் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"கேபிள் மட்டமில்ல சம்பந்தி" என்றார். குரல் அவருக்கே புதுசாக இருந்தது. "நல்ல கேபிள். நான்தான் இழுத்துக் கட்டி அறுத்தேன்."

"மாமா, விடுங்க" என்றார் மாப்பிள்ளை அவசரமாக. அவர் காதுமடல்கள் சிவந்துவிட்டன.

"ஆடுற கேபிளைக் கட்டக் கூடாதுன்னு ஊரெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். நீங்க அழகா இருக்குன்னீங்க, அந்த அழகுக்காகக் கட்டினேன். மாப்பிள்ளைக்கு அன்னிக்கே தெரியும். நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டார். நான் பேசாம இருந்தேனா?"

சம்பந்தி மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். என்ன சொல்வது என்று தெரியாதபோது எல்லாரும் சொல்வதைச் சொன்னார். "ஆனைக்கும் அடி சறுக்கும் சம்பந்தி."

"சறுக்கினதைப் பத்திச் சொல்லல. நான் சறுக்கி விழுந்துட்டு, பக்கத்துல நின்னவரைப் பார்த்து உனக்கு நடக்கத் தெரியலன்னு திட்டினேனே. உங்க முன்னாடி." அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார், கண்ணைப் பார்க்க முடியாமல் அவர் தட்டைப் பார்த்துச் சொன்னார். "அறிவு அது இதுன்னு சொன்னது தப்பு மாப்பிள்ளை. மன்னிச்சிடுங்க."

மகள்தான், "அப்பா, சோறு ஆறுது" என்றாள். அவள் பரிமாறிய கரண்டி தட்டில் இடித்தது. பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார், இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டவரைப் பார்த்து மற்ற மூவரும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் அவர் செய்து வைத்ததுதான். தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை இருவருமாகக் கேபிளை மாற்றினார்கள். மாப்பிள்ளை பிளக்கை மாட்டினார். மாமனார் டார்ச் பிடித்தார். புதுக் கேபிள் பாலத்தின் முனையிலிருந்து தொய்ந்து, அசிங்கமாகத் தொங்கியது. இத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? எப்போது எடுத்தாரோ தெரியாது, நாடிக்காரரின் கையில் ஒரு டை இருந்தது. கை சட்டத்துக்குப் போயும்விட்டது.

"வேண்டாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரிடம் அவர் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. வாசலில் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது.

நாடிக்காரர் டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி மாப்பிள்ளை" என்றார்.

கடைசிப் பலகையை வைத்து மிஷினை ஓட்டினார்கள். தாழ்வாரம் வந்தது. தலைமையாசிரியை அறைக்கு முன்னால், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வலது பக்கம் திரும்பிப் படிக்கட்டை நோக்கிப் போனது. கேபிள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமலிருக்க அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.